துக்க வீட்டில் உடன் நிற்பது எப்படி?

ஒருவர் இறந்த செய்தி வந்ததும், புறப்படுவதற்கு முன்பே, "அங்கே போய் என்ன பேசுவது?" என்ற தயக்கம் பலரையும் பிடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு மரபு இந்தத் தயக்கத்தை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது. துக்க வீட்டில் வருபவரை யாரும் "வாங்க" என்று வரவேற்பதில்லை. கிளம்புபவர் "போயிட்டு வர்றேன்" என்று விடைபெறுவதுமில்லை. தென் மாவட்டங்களில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களின் கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பெஞ்சின் ஓரத்தில் போய் அமர்ந்தாலே துட்டி கேட்டதாக, அதாவது துக்கம் விசாரித்ததாகப் பொருள். உள்ளே பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அங்கேயும் நலம் விசாரிப்பு கிடையாது. பேச்சைக் கட்டாயமாக்காமல், வந்து சேர்ந்ததையே போதுமானதாகக் கருதும் ஏற்பாடு இது.

நெருங்கிய உறவினராகவோ, நண்பராகவோ, அண்டை வீட்டுக்காரராகவோ ஒரு துக்க வீட்டுக்குத் துணையாக நிற்க விரும்புபவருக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். நம் சடங்குகள் சில இடங்களில் துக்கத்தை நன்றாகவே தாங்குகின்றன. வேறு சில இடங்களில் ஆளைக் கைவிட்டுவிடுகின்றன. தாங்குமிடத்தில் குறுக்கே நிற்காமல் ஒத்துழைப்பதும், கைவிடுமிடத்தை அறிந்து அங்கே போய் நிற்பதும்தான் உடன் நிற்பவரின் வேலை என்று நான் கருதுகிறேன்.

முதல் சில மணி நேரம்

இறந்தவரின் மனைவியோ கணவரோ பிள்ளைகளோ இந்த நேரத்தில் முடிவெடுக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். ஆகவே அலைச்சலுக்குரிய வேலைகளை, நிதானமுள்ள இருவர் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். மரணம் வீட்டில் நிகழ்ந்திருந்தால், வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவரை அழைத்து இறப்பை உறுதிசெய்து, இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிடும் சான்றைப் பெறுவதே முதல் வேலை. அது இல்லாமல் மின்மயானத்திலும் சிக்கல் வரும், பின்னர் பதிவு செய்வதிலும் சிக்கல் வரும். விபத்து, தற்கொலை, அல்லது ஐயத்துக்கிடமான மரணம் என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகே உடல் கிடைக்கும். இதைத் தவிர்க்க முடியுமா என்று அங்குமிங்கும் தொலைபேசியில் பேசி நேரத்தை வீணாக்காமல், பிணவறை வாசலில் குடும்பத்தினர் தனியாக நிற்க நேராதபடி ஒருவர் கூடவே இருப்பது எவ்வளவோ மேல்.

கண் தானம் செய்ய இறந்தவர் விரும்பியிருந்தாலோ, குடும்பத்தினர் இசைந்தாலோ, அதற்கு ஏறத்தாழ 6 மணி நேரமே அவகாசம். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குக் கீழே தலையணை கொடுத்துச் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோரின் கண்களையும் ஏற்றுக்கொள்வார்கள். இந்தக் கேள்வியைக் குடும்பத்தாரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். ஒருமுறை மெதுவாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

செய்தி சொல்வதில் ஒரு வரிசை உண்டு. பெண் இறந்திருந்தால் அவள் பிறந்த வீட்டுக்கும், ஆண் இறந்திருந்தால் தாய்மாமன் வீட்டுக்கும் சம்பந்திகளுக்கும் தகவல் முதலில் போய்ச் சேர வேண்டும். ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆளனுப்பிச் சொல்லிவந்தார்கள். இப்போது அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது, அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகனோ மகளோ தன் தந்தை இறந்ததை உறவுக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப் நிலைப்பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. நெருங்கியவர்கள் அனைவரிடமும் நேரடியாகச் சொல்லியாயிற்று என்று வீட்டார் உறுதிசெய்யும் வரை எங்கும் பதிவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவருக்காகக் காத்திருப்பதா என்பதையும் வீட்டார் மட்டுமே முடிவு செய்யட்டும். ஐஸ் பெட்டி வந்த பிறகு காத்திருப்பது இயலக்கூடிய காரியமாகிவிட்டது, ஆனால் இரண்டு நாள் காத்திருப்பில் வீட்டிலிருக்கும் முதியவர்கள் சாப்பிடாமலும் உறங்காமலும் சோர்ந்துவிடுவார்கள் என்பதை யாராவது நினைவூட்ட வேண்டும்.

இறப்பைப் பதிவு செய்ய 21 நாட்கள் அவகாசம் உண்டு; அதற்குள் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும். வீட்டில் நிகழ்ந்தால் வீட்டாரே தெரிவிக்க வேண்டும். சொந்த ஊர் எதுவாக இருந்தாலும், இறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய மாநகராட்சியிலோ நகராட்சியிலோ பேரூராட்சியிலோ, ஊர்ப்புறமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோதான் பதிய வேண்டும். பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்; பின்னர் வாரிசுச் சான்றுக்கும் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அலையும்போது ஓர் எழுத்துப் பிழை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். ஓராண்டைக் கடந்துவிட்டால் நடுவரின் (மாஜிஸ்திரேட்) ஆணை இல்லாமல் பதிய முடியாது.

எடுக்கும் வரை

ஓர் இந்துக் குடும்பத்தில் உடல் எடுக்கப்படும் வரை நடப்பவற்றைச் சற்று விலகி நின்று கவனித்தால், உறவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருப்பது தெரியும். பங்காளிகள் நீர்மாலை, அதாவது உடலைக் குளிப்பாட்டும் நீர், எடுத்து வருகிறார்கள். பிறந்த வீட்டாரும் சம்பந்திகளும் கோடித் துணி கொண்டுவந்து போர்த்துகிறார்கள். பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். வந்தவர்கள் வாய்க்கரிசி போடுகிறார்கள். மகன் கொள்ளிக்குடம் சுமந்து மூன்று சுற்று வர, சுற்றுக்கொரு துளையிடுவார்கள். அடுத்த நாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பு, பிறகு எட்டாம் நாள் துக்கம், பதினாறாம் நாள் கருமாதி; சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் நாள் கணக்கும் பெயரும் மாறினாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. அதிர்ச்சியில் உறைந்து நிற்பவரின் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, "இப்போ இதைச் செய், அடுத்து அதைச் செய்" என்று ஒரு பெரியவர் சொல்வது, அந்த நேரத்தில் வேறு எந்த ஆறுதலையும் விடப் பயனுள்ளது. பிரெஞ்சு அறிஞர் அர்னால்ட் வான் ஜென்னெப் 1909-இல், உலகச் சமூகங்கள் பலவற்றின் சடங்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, துக்கம் காப்பவர் உயிருள்ளோர் உலகத்துக்கும் இறந்தோர் உலகத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிலைக்குள் சென்று, பின்னர் அதிலிருந்து முறையாக வெளியே கொண்டுவரப்படுகிறார் என்று எழுதினார். கருமாதியன்று தாய்மாமன் வீட்டார் கொள்ளி வைத்த மகனுக்கு உருமால் (தலைப்பாகை) கட்டுவது அப்படி வெளியே கொண்டுவரும் செயல்தான்.

ஆகவே சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட, துக்க வீட்டில் நின்றுகொண்டு அதன் பொருளின்மையை விளக்கும் ஆவலை அடக்கிக்கொள்வது நல்லது. அதே நேரத்தில், முறை தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லிச் சண்டை பிடிப்பதும் பெரும்பாலான சாவு வீடுகளில் நடக்கிறது. வீட்டார் மதிக்கும் ஒரே ஒரு பெரியவரை அடையாளம் கண்டு, "சித்தப்பா, நீங்க சொல்றபடியே செஞ்சிரலாம், மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மகள் கொள்ளி வைக்க விரும்பினால் அது எளிதில் நடக்கக்கூடியதாகவே இப்போது பல ஊர்களில் மாறியிருக்கிறது. பெண்கள் மயானத்துக்குள் வருவதும் நகரங்களில் அரிதல்ல. ஆனால் இந்தப் பேச்சை உடல் ஊர்தியில் ஏறிய பிறகு தொடங்கினால் அவமானத்தில்தான் முடியும். மகளின் விருப்பத்தைக் காலையிலேயே கேட்டறிந்து, பெரியவரிடமும் பங்காளிகளிடமும் தனியே பேசி முடித்துவிட வேண்டும். அவள் கேட்காமல் இருப்பதாலேயே அவளுக்கு விருப்பமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஒப்பாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாய்விட்டு அழுவதே கூச்சத்துக்குரியதாகிவிட்டது. மென்குரலில் பேசிக்கொள்வதை நாகரிகமாகக் கருதத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் ஒப்பாரி சொல்லும் மூதாட்டி, இறந்தவரின் பெருமையோடு நிறுத்திக்கொள்வதில்லை. மருந்து வாங்கித் தராத மகனையும், சீர் செய்யாத அண்ணனையும், பாதி வழியில் விட்டுப்போன கணவனையும் பாட்டுக்குள் வைத்து ஊரறியக் கேட்டுவிடுவாள். வேறெந்த நாளிலும் அந்த வீட்டுப் பெண்ணால் சொல்ல முடியாத குறை, அன்றைக்கு மட்டும் யாரும் மறுத்துப் பேசாமல் கேட்கப்படுகிறது. ஆகவே "போதும்மா, அழாதீங்க" என்று அதை நிறுத்தப் போகாதீர்கள். கைப்பேசியில் படம் பிடிக்கவும் செய்யாதீர்கள். நெடுநேரம் அழுபவருக்குத் தண்ணீர் கொடுங்கள், நீரிழிவு மருந்து எடுப்பவராக இருந்தால் எதையாவது சாப்பிட வையுங்கள், அதற்குப் பிறகு மீண்டும் அழ விடுங்கள். அழுகையே வராமல் வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருப்பவரைப் பிடித்து உலுக்கி "அழுதுரு, அழுதுரு" என்று வற்புறுத்துவதும் அதே அளவுக்குத் தவறு. சிலருக்கு அழுகை ஒரு வாரம் கழித்து, துணி மடிக்கும்போது வரும்.

பறையடிப்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் தகன மேடை ஊழியருக்கும் உரிய கூலியை முன்னதாகவே பேசி, பேரம் பேசாமல், வீட்டார் கையை எதிர்பார்க்காமல் கொடுத்துவிட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இந்த வேலைகள் தலைமுறைகளாகத் தலித் மக்கள் மீது சுமத்தப்பட்டவை. துக்கத்தின் பெயரால் அவர்களை ஒருமையில் அழைத்து விரட்டுவதை இன்றும் காண முடிகிறது. எல்லோருக்கும் போலவே அவர்களுக்கும் உட்கார வைத்து உணவு கொடுப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு சமயத்தவர் வீடுகளில்

முஸ்லிம் வீட்டில் மையத்தை (இறந்தவரின் உடலை) இயன்ற விரைவில் அடக்கம் செய்வார்கள் என்பதால், செய்தி கிடைத்ததும் புறப்பட்டுவிட வேண்டும். மாலையில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் முகம் பார்க்க முடியாமல் போகலாம். மாலை, ஊதுவத்தி, தேங்காய் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டிக் கஃபன் துணி அணிவித்த பின், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நின்ற நிலையிலேயே நடக்கும். தொழுகையில் கலந்துகொள்ளாத நண்பர்கள் பின்னால் அமைதியாக நிற்கலாம், தலையில் கைக்குட்டை கட்டிக்கொள்வது மரியாதையாகக் கருதப்படும். உடலை வைத்திருக்கும் சந்தூக்கைத் தோள்மாற்றிச் சுமக்கும்போது தோள் கொடுக்கலாமா என்று அருகிலிருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகத் துக்கம் காப்பது மூன்று நாள். கணவரை இழந்தவருக்கு மட்டும் இத்தா எனப்படும் 4 மாதம் 10 நாள். அந்தக் காலத்தில் அவர் வெளியில் வருவதும் அந்நிய ஆண்களைச் சந்திப்பதும் குறைவாக இருக்கும் என்பதால், வீட்டுப் பெண்களை அனுப்பி விசாரிக்கச் செய்வதும், வங்கி, அலுவலக வேலைகளை வெளியிலிருந்து முடித்துக் கொடுப்பதும் பொருத்தமானது.

கிறிஸ்தவ வீட்டில் உடல் இருக்கும் வரை ஜெபமும் பாட்டும் தொடரும். கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக எல்லோரும் ஒரு பிடி மண் போடுவார்கள், மற்ற சமயத்தவரும் போடலாம். கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அன்று நண்பரோடு கல்லறைக்குப் போவது, இறப்பு நாளில் போனதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

பேச்சு கட்டாயமில்லை என்றேன். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் தோன்றும். இறந்தவரைப் பற்றி நீங்கள் மட்டுமே அறிந்த ஒரு சிறு செய்தி உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். "எனக்கு முதல் வேலைக்கு அண்ணாச்சிதான் கடிதம் எழுதிக் கொடுத்தாங்க, மதினி" என்பது போன்ற ஒரு வரி, அந்த வீட்டாருக்கு அதுவரை தெரியாத ஒரு மனிதரைக் கொடுக்கும். சொல்ல எதுவும் இல்லையென்றால், "நான் ராத்திரி இங்கேதான் இருக்கேன்" என்றால் போதும், ஆனால் சொன்னபடி இருக்க வேண்டும்.

"முன்னாடியே வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்ற பேச்சைப் போல நெஞ்சை அறுப்பது வேறில்லை; அந்தக் கேள்வியை அவர்கள் தங்களுக்குள் ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார்கள். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொரு புதியவரும் வந்து கேட்க, அவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சிலருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதே ஆறுதல். அவர்களைச் சொல்ல விடுங்கள். சொல்ல விரும்பாதவருக்காக, வாசலிலேயே ஒருவர் விவரத்தைச் சொல்லி உள்ளே அனுப்புவது பெரிய உதவி. தொண்ணூறு வயதில் போனவரை "கல்யாணச் சாவு" என்று வீட்டார் சொன்னால் தலையசைக்கலாம்; நாமாகச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அறுபது ஆண்டுகள் கூட வாழ்ந்த மனைவிக்கு அது கல்யாணம் அல்ல. பிள்ளையை இழந்தவரிடம் "இன்னொரு பிள்ளை இருக்கே" என்றும், இளம் விதவையிடம் அவளுடைய வயதைச் சொல்லியும் பேசுவதை அறவே விட்டுவிடுங்கள். மூத்த மகனிடம் "இனி நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும், தைரியமா இரு" என்கிறோம். அது அவனுக்குக் கொடுக்கும் ஊக்கமாக நமக்குத் தோன்றினாலும், அழுவதற்கு இருந்த அனுமதியைப் பறிப்பதாக அவனுக்குப் படும்.

ஐந்து படிநிலைகளைக் கடந்துதான் துக்கம் தீரும் என்ற செய்தியும் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் முன்வைத்தபோது, அவர் உரையாடியது சாகும் நிலையிலிருந்த நோயாளிகளோடு. பறிகொடுத்தவர்களை அளக்க அவர் அதை அப்போது வகுக்கவில்லை. ஒருவர் சிரித்தால் "மறுப்பு" என்றும், கத்தினால் "கோபம்" என்றும் பெயர் ஒட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

அடுப்பு எரியாத நாட்கள்

உடல் எடுக்கும் வரை துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்ற வழக்கமும், அடுத்தடுத்த வேளைகளைச் சம்பந்திகளும் மாமன் மைத்துனர்களும் முறை வைத்துப் போடுவதும், நம் மரபின் மிக அறிவார்ந்த ஏற்பாடுகளில் சேரும். நகரத்தில் தனித்து வாழும் குடும்பத்துக்கு இந்த முறை கிடைப்பதில்லை. அங்கே அக்கம்பக்கத்தார்தான் அதைச் செய்ய வேண்டும். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதால் ஒன்றும் நடக்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள். இரவு இட்லி நம் வீட்டிலிருந்து, நாளைக் காலை மூன்றாம் வீட்டிலிருந்து, மதியம் இன்னொருவர் என்று நீங்களே பேசிவைத்து, எட்டு மணிக்குப் பாத்திரத்தோடு போய் நில்லுங்கள். முதல் நாள் பத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்து வீணாவதும் ஐந்தாம் நாள் ஒன்றும் வராததும் இதனால் தவிரும். பால், குடிநீர்க் கேன், முதியவர்களின் மாத்திரை, பள்ளிக்குத் தகவல், மாட்டுக்குத் தீவனம் ஆகியவையும் இதே கணக்கில் அடங்கும்.

பணம் கொடுப்பதென்றால் காரியத்து மொய் வரை காத்திருக்காமல், செலவைக் கவனித்துக்கொள்ளும் உறவினரிடம் முதல் நாளே தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது. கருமாதி விருந்தையும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையையும் ஊர் மெச்சப் பெரிதாகச் செய்யச் சொல்லித் தூண்டிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கடன் வாங்கிச் செய்ய வேண்டாம் என்று சொல்ல, அந்த வீட்டாருக்கு நெருக்கமான ஒரு குரல் தேவைப்படும்.

மரபு கைவிடும் இடங்கள்

கணவரை இழந்த பெண்ணுக்கு மரபு செய்துவரும் கொடுமையைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ அவளை அலங்கரித்து உட்கார வைத்து, ஊர்ப் பெண்கள் முன்னிலையில் தாலியை வாங்குவதும், வளையலை உடைப்பதும், பொட்டை அழிப்பதும், துக்கத்தில் இருப்பவரைத் தண்டிப்பதே அன்றி வேறல்ல. பல குடும்பங்கள் இதைக் கைவிட்டுவிட்டன. இன்னும் பல குடும்பங்களில், செய்ய யாருக்கும் மனமில்லாமலேயே, வேண்டாம் என்று முதலில் சொல்ல ஆளில்லாததால் நடந்துவிடுகிறது. அந்த முதல் ஆளாக மகனோ மகளோ சகோதரனோ இருக்க முடியும். காரியத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அந்தப் பெண்ணிடம் தனிமையில் கேட்டு, அவள் விருப்பத்தை அவள் வாயால் அறிந்து, அதையே குடும்பத்தின் முடிவாக அறிவித்துவிடுங்கள். பழைய முறைப்படியே செய்ய வேண்டும் என்று அவளே சொன்னால், அதையும் அவள் முடிவாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளை அடுத்த தெருவிலுள்ள வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். "தாத்தா தூங்குறாங்க", "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். பின்னர் அந்தப் பிள்ளை உறங்கப் பயப்படுவதற்கும், யாராவது ஊருக்குக் கிளம்பினால் அலறுவதற்கும் நாமே காரணமாகிறோம். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டார், இதற்கு நீ எந்த வகையிலும் காரணமில்லை என்ற நான்கையும் எளிய சொற்களில் சொல்ல வேண்டும். உடலைப் பார்க்க விரும்பும் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லலாம். விரும்பாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் முகத்தருகே நீட்டக் கூடாது. ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாட ஓடுவது குழந்தைகளின் இயல்பு, அதற்காக யாரும் அதட்ட வேண்டாம்.

வயிற்றிலேயே கலைந்த பிள்ளைக்கும், பிறந்த சில நாட்களில் போன பிள்ளைக்கும் பதினாறு நாள் இல்லை, பந்தல் இல்லை, விசாரிக்க வருவோரும் இல்லை. தாய்க்கு மருத்துவ ஓய்வு மட்டுமே கிடைக்கிறது, தந்தைக்கு அதுவும் இல்லை. இந்த வீட்டுக்குத்தான் கட்டாயம் போக வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இறந்தவரின் உற்ற நண்பருக்கும், ஊரறியாத காதலிக்கும், இருபது ஆண்டுகள் அந்த வீட்டில் வேலை செய்த அம்மாவுக்கும் தீட்டுக் கணக்கில் இடமில்லை என்பதால் அவர்களுக்குத் துக்கமில்லை என்றாகிவிடாது. அவர்களிடமும் யாராவது போய் விசாரிக்க வேண்டும்.

தற்கொலை நிகழ்ந்த வீட்டில் கூட்டம் குறைவாகவும் கிசுகிசு அதிகமாகவும் இருக்கும். காரணத்தைத் துருவாதீர்கள், யார் மீதும் பழி சுமத்தாதீர்கள், இறந்த விதத்தைப் பற்றிப் பிறரிடம் விவரிக்காதீர்கள். எல்லாச் சாவு வீட்டுக்கும் போவது போலவே போய், எல்லாச் சாவு வீட்டிலும் செய்வதையே செய்யுங்கள். அந்த வீட்டில் இன்னொருவர் அதே வழியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவரைத் தனியே விடக் கூடாது. தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணிலும், மனநலத்துக்கான தேசிய எண் 14416-இலும் இரவிலும் பேசலாம்.

உடலே கிடைக்காத வீடுகள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டபோது, பலர் அடையாளம் காணப்படாமல் ஒரே குழிகளில் அடக்கப்பட்டார்கள். கொரோனா காலத்தில் பொதிந்து கட்டிய உடலைத் தொலைவில் நின்று பார்த்தவர்கள் எத்தனையோ பேர். இலங்கையின் வட மாகாணத்தில், போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார்கள் 2017 பிப்ரவரி முதல் தொடர் போராட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். இறந்ததாக ஏற்றுக் காரியம் செய்தால் பிள்ளையைக் கைவிட்டதாகிவிடும், செய்யாவிட்டால் துக்கம் தொடங்கவே முடியாது என்ற நிலை அது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இத்தகைய இழப்பைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார். இவர்களிடம் "இனி வர மாட்டார், மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லும் உரிமை வெளியாள் யாருக்கும் கிடையாது. இறந்தகாலத்தில் பேசுகிறார்களா, நிகழ்காலத்தில் பேசுகிறார்களா என்று கவனித்து, அவர்கள் பேசும் விதமாகவே நாமும் பேச வேண்டும். கடற்கரையில் ஆண்டுதோறும் ஒன்றுகூடி மலர் தூவுவதும், இலங்கைப் போரில் மாண்டோர் நினைவாக மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்வதும், பழைய சடங்குகள் எட்டாத இடத்துக்கு மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட புதிய சடங்குகள். அவற்றில் போய் நிற்பதும் துக்கம் விசாரிப்பதுதான்.

பதினாறுக்குப் பிறகு

பந்தல் பிரித்த மறுநாளிலிருந்து வீடு காலியாகிவிடும். காரியத்துக்கு வந்த நூறு பேரில் ஒருவர் இருபதாம் நாள் மாலை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அது பெரிய காரியம். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு போய்வாருங்கள். போகும்போது வேலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டால் இருவருக்கும் எளிது: ஓய்வூதிய விண்ணப்பம், எரிவாயு இணைப்பின் பெயர் மாற்றம், இறந்தவரின் அலமாரி. அலமாரியை வீட்டார் கேட்கும் வரை தொடாதீர்கள். வீட்டை விற்பது, அம்மாவை உடனே மகன் வீட்டுக்கு மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளை முதல் சில மாதங்களில் எடுக்காமல் ஒத்திப்போடச் சொல்வதும் நெருங்கியவரின் கடமை.

படத்துக்குப் பூப் போட்டுப் பேசுவதையும், படையலில் அவருக்குப் பிடித்த பண்டம் வைப்பதையும், அமாவாசைதோறும் காகத்துக்குச் சோறு வைப்பதையும் "இன்னும் மறக்கலையே" என்று கவலையோடு பார்க்க வேண்டியதில்லை. இறந்தவரோடு உறவைத் தொடர்வது இயல்பே என்று ஆய்வாளர்கள் 1990-களில் எழுதத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே நம் வீடுகளில் அது நடந்துவந்திருக்கிறது. கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: பல மாதங்களாகியும் சாப்பாடும் உறக்கமும் திரும்பாதது, வேலைக்குப் போக முடியாதது, குடி மிகுவது, வாழ்வில் பிடிப்பே அற்றுப்போவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 6 மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் இவ்வாறு நீடிக்கும் கடும் துக்கத்தைச் சிகிச்சைக்குரியதாக ஏற்கின்றன. அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியிருக்க வேண்டும் என்பதையும் இரண்டுமே நிபந்தனையாக வைத்திருக்கின்றன. மருத்துவரிடம் போகச் சொல்வதோடு நிற்காமல், நேரம் வாங்கிக் கூடவே போய் வெளியில் காத்திருங்கள்.

முதல் ஆண்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பதால், தீபாவளியும் பொங்கலும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் அந்த வீட்டில் மிக நீண்ட நாட்களாக இருக்கும். பலகாரம் கொடுக்கலாமா என்று தயங்கி எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். முந்தின நாளே அழைத்து, "நாளைக்கு மதியம் வரட்டுமா, இல்லை தனியா இருக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். தலைத் திவசத்தின் தேதியையும் திதியையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதியும் திதியும் வேறு வேறு நாளில் வரும், வீட்டார் எதை அனுசரிக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த நாளில் போக வேண்டும்.